நெருக்கடி விலையும் பயண மூட்டையும்

சுற்றுலாத் தலத்தில் ஒரு பொருளுக்குச் சொல்லப்படும் விலையை இரண்டு கூறுகளாகப் பிரித்துப் பார்த்தால்தான், பெட்டி கட்டும்போதே தவிர்க்கக்கூடிய செலவு எது, எப்படியும் கொடுத்தே தீர வேண்டிய செலவு எது என்பது விளங்கும். முதலாவது கூற்றைக் கொணர்செலவு எனலாம். சமவெளியிலிருந்து மலைக்கும் தீவுக்கும் சரக்கை ஏற்றிச் செல்லும் வண்டிக் கூலி, ஆண்டில் மூன்று நான்கு மாதங்களே வியாபாரம் நடக்கும் ஊரில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்ட வேண்டிய கடை வாடகை, ஏலத்தில் எடுத்த கடைக்குச் செலுத்திய தொகை ஆகியவை இதில் அடங்கும். இவை நியாயமான செலவுகளாதலால் இவற்றுக்காகக் கடைக்காரரைப் பழிப்பது முறையன்று. இரண்டாவது கூற்றை நெருக்கடி விலை எனலாம். வாங்க வந்தவருக்கு அந்தப் பொருள் அந்த நிமிடமே வேண்டும் என்பதையும், அடுத்த கடை நடந்து போகும் தூரத்தில் இல்லை என்பதையும் விற்பவர் அறிந்திருப்பதால் மட்டுமே ஏறுகின்ற விலை இது. மாலை ஆறு மணிக்கு மேல் கொடைக்கானல் ஏரிக்கரையில் காது விறைத்து நிற்கும் குழந்தைக்கு வாங்கப்படும் குல்லாவின் விலையில் பெரும்பகுதி கம்பளிக்கானதும் இல்லை, மலையேற்றிய கூலிக்கானதும் இல்லை.

பெட்டியில் எதை வைப்பது என்ற கேள்விக்கு இந்தப் பிரிவினையே அளவுகோல். பொருளின் மதிப்பைக் கொண்டு முடிவெடுப்பவர்கள் விலையுயர்ந்தவற்றைக் கவனமாக எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு துண்டையும் ஒரு பூட்டையும் மறந்துவிட்டுப் புறப்படுகிறார்கள். தேவை எழும் இடத்தில் எத்தனை கடைகள் இருக்கும், அவற்றில் விலை எழுதப்பட்டிருக்குமா, வாங்குவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட முடியுமா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பவர்களுக்கோ, எட்டுக் கிலோ பெட்டி போதுமானதாக இருக்கிறது. பல் துலக்கும் தூரிகையை மறந்து போனாலும் எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் அச்சிட்ட விலைக்கே அது கிடைக்கும். உலர்ந்த மாற்றுடையை மறந்து போனவருக்கு இராமேசுவரத்தின் ஈரமான பிராகாரத்தில் அந்த வசதி இல்லை.

இவ்வதிகாரம் தமிழ்நாட்டிலிருந்து ரயிலிலும் பேருந்திலும் மலைவாசத் தலங்களுக்கும் கோயில் ஊர்களுக்கும் இமயமலைப் பகுதிகளுக்கும் செல்லும் குடும்பங்களை மனத்தில் கொண்டு அமைகிறது.

சட்டம் காக்கும் பொருளும் காக்காத பொருளும்

இந்தியாவில் உறையிட்டு விற்கப்படும் பொருள்களின்மீது அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பதும், அனைத்து வரிகளும் உள்ளடங்கிய அந்த விலைக்கு மேல் சில்லறை வணிகர் வாங்கக் கூடாது என்பதும் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தையும், அதன்கீழ் 2011இல் வகுக்கப்பட்ட உறையிட்ட பொருள்களுக்கான விதிகளையும் சார்ந்த ஏற்பாடு. முன்பு விமான நிலையம், திரையரங்கு, பேரங்காடி ஆகிய இடங்களுக்கென்றே கூடுதல் விலை அச்சிட்ட புட்டிகள் தனியாக வந்துகொண்டிருந்தன. ஒரே பொருளுக்கு இருவேறு அதிகபட்ச விலை குறிப்பதைத் தடுக்கும் திருத்தம் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குளிரூட்டியதற்காக என்று சொல்லி இரண்டு ரூபாயோ ஐந்து ரூபாயோ சேர்த்து வாங்குவதும் இந்த விதிக்கு மாறானதே. இதற்கான புகாரை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், ரயில் பயணத்தின்போது 139 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம்.

இதில் ஒரு விலக்கு உண்டு. உணவகமும் தங்கும் விடுதியும் தண்ணீர்ப் புட்டியை வெறும் சரக்காக விற்கவில்லை, இருக்கை, பரிமாறுதல், சூழல் ஆகியவற்றோடு சேர்ந்த சேவையாகவே அளிக்கின்றன என்ற வாதத்தை ஏற்று, அவை அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதை எடையளவுச் சட்டத்தின்கீழ் குற்றமாகக் கொள்ள முடியாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் சட்டம் பேசலாம். விடுதி அறையின் சிறு குளிர்ப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் புட்டியைத் திறந்த பின் பேச இடமில்லை.

பெட்டி கட்டுபவருக்கு இந்தச் சட்டத்திலிருந்து கிடைக்கும் பயன், புகார் கொடுக்கும் உரிமையைவிடப் பெரியது. பிஸ்கட், சோப்பு, பற்பசை, மின்கலம் போன்ற அச்சிட்ட விலையுள்ள பொருள்களை மூட்டையாகச் சுமந்து செல்ல வேண்டியதில்லை. அவை போகும் ஊரிலும் ஏறக்குறைய இதே விலைக்குத்தான் கிடைக்கும். ஸ்வெட்டர், குடை, துண்டு, தொப்பி, செருப்பு, கறுப்புக் கண்ணாடி, வேட்டி, வாடகைக் காலணி, உறையின்றி நிறுத்துத் தரப்படும் தின்பண்டம் ஆகியவற்றுக்கு அச்சிட்ட விலை என்ற வேலி கிடையாது. நெருக்கடி விலை முழு வீச்சில் இயங்குவது இங்கேதான் என்பதால் பெட்டியின் பெரும்பகுதி இடமும் இவற்றுக்கே உரியது. மருந்து மட்டும் இரண்டிலும் சேராது. அதன் விலை எங்கும் ஏறுவதில்லை என்றாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல் மலை ஊரில் கடையே திறந்திருக்காது. எனவே அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரைகளைப் பயண நாள்களுக்கு மேலும் மூன்று நாள்களுக்குக் கணக்கிட்டு, பெயர் அச்சிட்ட அட்டையோடேயே எடுத்துக்கொள்ள வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களையும் வாந்தி தடுக்கும் மாத்திரையையும் அவற்றோடு சேர்த்து வைக்கலாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகளும், கொல்லிமலைச் சாலையில் 70 வளைவுகளும் இருக்கின்றன. வாந்தி தடுக்கும் மாத்திரையை வளைவுகள் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பாவது விழுங்கியிருந்தால்தான் பயன் என்பதால், அதை மேலே போய் வாங்குவது எந்த விலையிலும் வீண்.

தண்ணீரும் கட்டுச்சோறும்

அச்சிட்ட விலையுள்ள பொருளாக இருந்தும் வீட்டிலிருந்தே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியது தண்ணீர். நால்வர் அடங்கிய குடும்பம் மூன்று நாள் பயணத்தில் தலைக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடிப்பதாகக் கொண்டால் 24 லிட்டர் ஆகிறது. அச்சிட்ட விலை லிட்டருக்கு 20 ரூபாய் என்று கொண்டு, அந்த விலையிலேயே வாங்கினாலும் 480 ரூபாய் தண்ணீருக்கு மட்டும் போய்விடும், காட்சி முனைகளில் அந்த விலைக்கும் கிடைப்பதில்லை. வெயிலில் நான்கு பேரோடு மலை உச்சியில் நின்றுகொண்டு பத்து ரூபாய்க்காக எடையளவுச் சட்டத்தை மேற்கோள் காட்டுவது யாருக்கும் இயலாத காரியம் என்பதை விற்பவரும் அறிவார்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைகளுக்குத் தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்துவருகிறது. இவ்விரு மலைகளிலும் அதற்கு மேலாகத் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் தடை விதிக்கப்பட்டு, சோதனைச் சாவடிகளில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள். பிடிபட்டால் புட்டியும் போகும், தண்டமும் கட்ட வேண்டிவரும். ஆளுக்கொரு எவர்சில்வர் புட்டி எடுத்துச் சென்றால், நீலகிரியில் சாலையோரம் நிறுவப்பட்டுள்ள தானியங்கிக் குடிநீர் நிலையங்களில் நிரப்பிக்கொள்ளலாம். விடுதிச் சமையலறையில் இரவே சொல்லி வைத்தால் காய்ச்சிய நீரும் கிடைக்கும். ரயிலில் செல்பவர்கள் ரயில்வேயின் ரயில் நீர் புட்டியின் விலை 2025 செப்டம்பர் 22 முதல் லிட்டருக்கு 14 ரூபாயாகவும், அரை லிட்டருக்கு 9 ரூபாயாகவும் குறைக்கப்பட்டதை நினைவில் வைத்திருப்பது நல்லது. பதினைந்து ரூபாயை வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறை இல்லை என்பவரிடம் கொடுக்க ஒற்றை ரூபாய் நாணயங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை முடியும்வரை காலிப் புட்டியாக எடுத்துச் சென்று, உள்ளே உள்ள குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்வதே எளிது. விமான நிலைய விலைகள் குறித்து எழுந்த குறைகளை அடுத்து, 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் திறக்கப்பட்ட உடான் யாத்ரீ கஃபே என்னும் மலிவு விலைக் கடையில் தேநீரும் தண்ணீரும் பத்து ரூபாய்க்குத் தரப்பட்டதையும் இங்கே குறிப்பிடலாம்.

உணவைப் பொறுத்தவரை, பயணத்துக்கென்றே உருவான கட்டுச்சோறு என்னும் வழக்கத்தை இன்றைய பயண நூல்கள் பழைய காலத்து எளிமையாகவே பேசுகின்றன. அதிலிருக்கும் உணவியல் அறிவைப் பேசுவதில்லை. புளியோதரை ஒரு நாள் தாங்குவதற்குப் புளியின் அமிலத்தன்மையும், சோற்றுப் பருக்கைகளின்மேல் படியும் நல்லெண்ணெயும், அதில் தேங்காயும் வெங்காயமும் சேராததும் காரணம். சோற்றைக் குழையவிடாமல் வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகே கட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி நீராகத் திரும்பிச் சோற்றிலேயே இறங்கும். அந்த ஈரத்தோடும் வெதுவெதுப்போடும் பல மணி நேரம் கிடக்கும் சோற்றில்தான் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் பெருகுகின்றன. தயிர்சாதத்துக்குத் தயிரைக் குறைத்துப் பாலை மிகுதியாக ஊற்றிப் பிசைந்தால், உண்ணும் நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது. மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இருபுறமும் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் அடுக்கிவிட்டால் மறுநாள் காலைவரை மெத்தென்றிருக்கும். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும் என்பது இலையில் கட்டிப் பழகிய எவருக்கும் தெரியும். இவற்றோடு நாரத்தங்காய் ஊறுகாயும், வாரக்கணக்கில் கெடாத பொரிவிளங்காய் உருண்டையும் இருந்தால், சென்னையிலிருந்து டெல்லி போகும் ரயிலில் முதல் நாள் முழுவதையும் எதையும் வாங்காமலே கடக்கலாம். இரண்டாம் நாளுக்குச் சோற்றை நம்பக் கூடாது. சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் ஏற்றவை.

எனினும் போய்ச் சேர்ந்த ஊரிலும் வீட்டுத் தின்பண்டத்தையே தின்றுகொண்டிருப்பது சிக்கனத்தில் சேராது. ஊட்டியில் தேநீரோடு வர்க்கியைத் தொட்டுத் தின்னாமல் வருபவர் பணத்தை மிச்சப்படுத்தியதாகச் சொல்லிக்கொள்ளலாம், ஊட்டிக்குப் போய்வந்ததாகச் சொல்லிக்கொள்வது கடினம். கோயில் ஊர்களிலோ கட்டுச்சோறே மிகை. திருமலையில் நாள்தோறும் பல்லாயிரம் பேருக்கு இலவச உணவு பரிமாறப்படுகிறது. திருவரங்கம், பழனி உள்ளிட்ட தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் நாள் முழுவதும் அன்னதானம் நடைபெறுகிறது.

குளிர்

மலைவாசத் தலங்களில் நெருக்கடி விலைக்கு மூலகாரணம் குளிர். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலுள்ள கோயம்புத்தூரிலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்துக்கு மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும் பயணி, பன்னிரண்டு பாகை அளவுக்கு வெப்பத்தை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு வருகிறார். பகலில் வெயில் இருப்பதால் இது உறைப்பதில்லை. சூரியன் மறைந்த அரை மணி நேரத்தில் உறைக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கிப் புல்வெளிகளில் உறைபனி படிவதும் உண்டு. கடைத்தெருவில் விலை கேட்கும் குரல்கள் மாலையில்தான் மிகுகின்றன என்பது தற்செயலாக நிகழ்வதன்று.

இதற்குத் தடித்த ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துச் செல்வதைவிட அடுக்காக உடுத்துவது மேல். அடுக்கு உடை என்பது உடலை ஒட்டிய பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டை, மெல்லிய கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றைத் தடுக்கும் இலேசான மேலங்கி என்று உடுத்தும் முறையாகும். துணிகளுக்கு இடையே சிக்கி நிற்கும் காற்றே வெப்பத்தை வெளியேறவிடாமல் காக்கிறது. இவற்றில் மூன்று எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே இருப்பவை. பகலில் வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம் என்பதும், பெட்டியில் தடித்த ஸ்வெட்டர் பிடிக்கும் இடத்தில் பாதியே இவை பிடிக்கும் என்பதும் கூடுதல் நன்மைகள். ஆயினும் மலையில் உண்மையில் விற்றுத் தீர்வது ஸ்வெட்டர் அன்று. குரங்குக் குல்லா, சாக்ஸ், கையுறை ஆகிய மூன்றும்தான். உடம்புக்கு எடுத்து வைத்தவர்கள் காதையும் விரலையும் மறந்துவிடுவதே இதற்குக் காரணம். நால்வருக்கான இந்த மூன்றும் ஒரு சிறிய துணிப்பைக்குள் அடங்கும். பெட்டியின் அடியில் வைக்காமல், பேருந்திலிருந்து இறங்கும்போதே கைக்கு எட்டும் மேற்பையில் அந்தத் துணிப்பையை வைக்க வேண்டும். பெட்டியின் அடியில் புதைந்திருக்கும் குல்லாவும் வீட்டிலேயே விட்டுவந்த குல்லாவும் ஒன்றுதான். பேருந்து நிலையத்தில் பெட்டியைக் கவிழ்த்துத் தேட யாரும் விரும்புவதில்லை.

கம்பளி உடை வாங்கும் விருப்பம் உள்ளவர்கள், ஊட்டித் தாவரவியல் பூங்காவுக்கு அருகிலுள்ள திபெத்தியர் சந்தைக்குக் குளிர் தாக்காத முற்பகலில் சென்று, நான்கு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி வாங்கலாம். அப்போது கொடுக்கும் பணத்தில் நெருக்கடியின் பங்கு இருக்காது.

உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வண்டியில் வருபவர்கள் இணையவழி அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்ற நடைமுறை, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் அமலில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் தொடங்கிய பருவத்துக்கு உள்ளே வரும் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் நீதிமன்றம் வரம்பு விதித்தது. கைப்பேசிச் சமிக்ஞை தடுமாறும் மலையடிவாரத்தில், யாரோ பெற்றுத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் நிலைக்கு வராமலிருக்க, அச்சிட்ட சீட்டும் பெட்டி கட்டும் பொருள்களில் ஒன்றாகவே கருதப்பட வேண்டும்.

வடக்கே இமயமலைக்குச் செல்பவர்களுக்கு இதே கதை பெரிய அளவில் நிகழ்கிறது. மணாலியிலிருந்து 3,978 மீட்டர் உயரத்திலுள்ள ரோதாங் கணவாய்க்குப் போகும் வழியிலும், காஷ்மீரின் குல்மார்க்கிலும் பனியுடையையும் ரப்பர் காலணியையும் வாடகைக்குத் தரும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இவை இல்லாமல் மேலே போகவே முடியாது என்று வண்டியோட்டியே சொல்லி, தமக்குப் பழக்கமான கடை வாசலில் நிறுத்துவது அங்கே வழக்கம். நீர் புகாத காற்சட்டை ஒன்றும், கணுக்கால் மூடிய காலணியும், கம்பளிச் சாக்ஸ் இரண்டு இணையும் இருப்பவர் அந்தக் கடையை வணங்கிவிட்டுக் கடந்து போகலாம். பருத்திச் சாக்ஸையும் ஜீன்ஸையும் பனிக்கு எடுத்துச் செல்லக் கூடாது; நனைந்த பருத்தி உலர நெடுநேரம் பிடிப்பதோடு உடல் வெப்பத்தையும் இழுத்துக்கொள்ளும். கடும் பனிக்காலத்தில் முழங்கால்வரை பனியில் இறங்க விரும்புபவர்களுக்கு மட்டும், ஒரு நாளுக்காக அவ்வளவு பருமனான காலணியைத் தமிழ்நாட்டிலிருந்து சுமப்பதைவிட அங்கே வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். கறுப்புக் கண்ணாடியை விட்டுவிடவே கூடாது, பனிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைச் சிவக்கச் செய்துவிடும். பிற மாநிலங்களில் வாங்கிய பிரீபெய்டு சிம் அட்டை ஜம்மு காஷ்மீரில் இயங்காது, போஸ்ட்பெய்டு இணைப்பு மட்டுமே இயங்கும் என்பதால், குடும்பத்தில் ஒருவராவது புறப்படுவதற்கு முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாறியிருப்பது நலம்.

கோயில் வாசல்

கோயில் ஊர்களில் நெருக்கடி, உடையிலிருந்தும் நீராடலிலிருந்தும் எழுகிறது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்கள் மேற்சட்டையின்றி வேட்டியோடுதான் உள்ளே போக முடியும். சுடிதார் அணிந்த பெண்கள் அதன்மேல் வேட்டியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். குருவாயூரிலும் ஆண்களுக்கு வேட்டியே விதி. முழுக்காற்சட்டையோடு வரும் வெளியூர்க்காரர்களை எதிர்பார்த்தே வாசலில் வேட்டிக் கடைகள் இருக்கின்றன. ஆளுக்கொரு மெல்லிய நாலு முழ வேட்டி பெட்டியில் இருப்பது இந்தச் செலவை முற்றிலும் நீக்கும். அதே வேட்டி ரயிலில் போர்வையாகவும், விடுதியில் சந்தேகத்துக்குரிய படுக்கைமேல் விரிப்பாகவும் பயன்படும் என்பதால் கேரளம் போகாதவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தம் எனப்படும் கடலில் முழுகிய பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈர உடையை மாற்றிக்கொண்டே தரிசனத்துக்குச் செல்ல வேண்டும். நீராடலுக்கான கட்டணச் சீட்டைக் கோயில் அலுவலகத்திலேயே பெற்றுக்கொள்ளலாம். இடைத்தரகர்கள் கேட்கும் தொகைக்கும் சீட்டுக்கும் தொடர்பில்லை. மாற்றுடையையும் துண்டையும் நீர் புகாத ஒரு பையில் கட்டி, முறை வைத்து ஒருவர் பார்த்துக்கொள்வதே நடைமுறை. துண்டு எதுவென்பதும் கவனிக்கத்தக்கது. தடித்த துருக்கித் துண்டு ஒருமுறை நனைந்தால் மறுநாளும் ஈரமாகவே இருந்து பெட்டி முழுவதையும் நாறடிக்கும். ஈரிழைத் துண்டு எனப்படும், இரட்டை இழையில் நெய்த மெல்லிய பருத்தித் துண்டு, பேருந்துச் சன்னலோரத்தில் இரண்டு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். குற்றால அருவிக்கும் இதுவே பொருந்தும்.

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டதால், கைப்பேசியை விடுதி அறையிலேயே பூட்டிவிட்டு, நேரம் பார்க்கக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு போவது வசதி. காலணி, விலை குறைந்த ரப்பர் செருப்பாக இருந்தால் அதைப் பாதுகாக்கும் கவலையும் குறையும். அலிபிரிப் படிகள் வழியே திருமலைக்கு நடந்து ஏறுபவர்களின் மூட்டைகளைத் தேவஸ்தானமே கட்டணமின்றி மேலே கொண்டு சேர்க்கிறது. இந்தச் சேவைக்கும், ரயில் நிலையப் பொருள் வைப்பறைக்கும் மூட்டை பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது பலருக்கு அங்கே போன பிறகே தெரியவருகிறது. பூட்டு விற்பவர் அருகிலேயே நிற்பதன் பொருள் அப்போது புரியும். ரயிலில் கீழ்ப்படுக்கைக்கு அடியிலுள்ள வளையத்தில் பெட்டியைப் பிணைக்கச் சங்கிலியும் வேண்டும். வீட்டில் பயன்படாமல் கிடக்கும் சைக்கிள் பூட்டே இதற்குப் போதுமானது.

சுமையின் விலை

மேலே சொன்னவற்றையெல்லாம் படித்துவிட்டு இரண்டு பெட்டிகளுக்குப் பதில் நான்கு பெட்டிகளோடு புறப்படுபவர், ஒரு பொறியிலிருந்து தப்பி இன்னொன்றில் விழுகிறார். சுமை மிகும்போது நகரப் பேருந்தில் ஏற முடியாது. ஆட்டோ ஓட்டுநர் மூட்டைகளை எண்ணிவிட்டே வாடகை சொல்வார். படிக்கட்டுள்ள நிலையங்களில் சுமை தூக்குபவரின் உதவி தவிர்க்க முடியாததாகும். முதலில் பார்த்த விடுதியில் விலை அதிகம் என்று தோன்றினாலும் அடுத்த தெருவுக்கு நடந்து போய்க் கேட்கும் தெம்பு இருக்காது. இவற்றுள் கடைசியாகச் சொன்ன இழப்புதான் மிகப் பெரியது. ஒருவர் தம் மூட்டையைத் தாமே தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடக்க முடியுமா என்று புறப்படுவதற்கு முந்தைய நாள் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்ப்பது நல்ல சோதனை. ரயில்வே, தூங்கும் வசதிப் பெட்டியில் ஒருவருக்கு 40 கிலோவும் இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும் கட்டணமின்றி அனுமதிப்பது உண்மையே. அந்த வரம்பை எட்டும் எவராலும் அதைத் தூக்கிக்கொண்டு நடைமேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக முடியாது.

சுமையைக் குறைப்பதற்கு எளிய வழி உடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. ஒரு வாரப் பயணத்துக்கு நான்கு மாற்றுடைகளும், ஒரு துணி சோப்பும், மூன்று மீட்டர் கொடிக்கயிறும் போதும். விடுதிகளின் சலவைக் கட்டணமும் துணி எண்ணிக்கைக்கே வாங்கப்படுவது. மின்சாரக் கெண்டி, இஸ்திரிப் பெட்டி முதலியவற்றை எடுத்துச் செல்ல வேண்டாம்; ரயில் பெட்டியின் மின்துளையில் இவற்றை மாட்டுவது ஆபத்தானதும் தடைசெய்யப்பட்டதும் ஆகும். அந்தத் துளைகளில் இரவு நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடுவதும் உண்டு என்பதால் பவர் பேங்க் ஒன்று தேவை. விமானத்தில் இதைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லலாம். முன் ஒப்புதலின்றி அனுமதிக்கப்படும் உச்ச அளவு 100 வாட் மணி. 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று குறித்த ஒன்று, 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 74 வாட் மணி ஆவதால், வரம்புக்குள் அடங்கும்.

குழந்தைகளோடு செல்பவர்கள், நெருக்கடியை உருவாக்குவதில் பொம்மை வியாபாரிகளுக்கு நிகரானவர் இல்லை என்பதை அறிந்திருப்பார்கள். பழக்கமான பொம்மையால் இதைத் தடுக்க முடியாது. வீட்டில் முன்கூட்டியே வாங்கி மறைத்து வைத்து, ஊர் போய்ச் சேர்ந்த அன்று எடுத்துக் கொடுக்கும் புதிய பொம்மை ஓரளவு தடுக்கும். முழுவதும் தடுக்கும் வழி எந்தப் பெட்டியிலும் இல்லை.

திரும்பி வரும்போது வாங்கி வருவனவற்றுக்கென்று மடித்து வைத்த ஒரு காலித் துணிப்பையும் வேண்டும். அது இல்லாதவர்கள், வாங்கிய பொருள்களைத் தூக்கிவரக் கடைசி நாளில் கடைத்தெருவிலேயே புதிய பையொன்றை வாங்குகிறார்கள். வாங்குவதில் விலை எழுதிய அரசு நிறுவனக் கடைகளுக்கு முதலிடம் தரலாம்: கைவினைப் பொருளுக்குப் பூம்புகார், துணிக்குக் கோ-ஆப்டெக்ஸ், நீலகிரித் தேயிலைக்கு டேன்டீ. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்காக 1968இல் தொடங்கப்பட்ட தோட்டங்களின் தேயிலை என்பதால், டேன்டீயில் கொடுக்கும் பணம் போய்ச் சேரும் இடமும் தெரிந்ததே. பழனிப் பஞ்சாமிர்தமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றவை. பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தானக் கடைகளிலும், பூண்டை முடிந்தால் மலைச் சந்தைகளில் விளைவித்தவரிடமும் வாங்குவது நல்லது. தேயிலை அருகிலுள்ள மணம் எதையும் விரைவில் ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையதாதலால், அதைப் பூண்டோடும் நீலகிரித் தைலத்தோடும் ஒரே பையில் வைக்காமல், உடைகளுக்கு நடுவே இறுக மூடிய டப்பாவில் வைத்துக் கொண்டுவர வேண்டும்.